புதுப்பிப்பு: வாட்ல நடந்தத பற்றி போன மாசம் எழுதினனே

போன மாசம் எழுதினது ஞாபகமிருக்கும். கொழும்புல ஒரு ஆஸ்பத்திரி வாட்ல, அவிசாவளைப் பக்கத்து தமிழ் அம்மா ஒராள்ட வயித்த மருத்துவ மாணவர் நாங்க ஆறு பேர் வரிசையா அமத்திப் பாத்தம், பாக்கலாமோ எண்டு ஒருத்தரும் அவவிட்ட கேக்கேல்ல, ரவுண்ட்ஸ் முழுக்க சிங்களமும் இங்கிலிஷும்தான், அவ நோவில முகத்த சுழிக்கிறத பாத்துக்கொண்டே நானும் கைய வச்சன்.

நிறையப் பேர் "பழகிடும்" எண்டு சொன்னீங்க. எனக்கு அதுதான் பயம். சரி எது எண்டு தெரிஞ்சும் மேல இருக்கிறவைக்குப் பயந்து செய்யேலாமப் போற இந்த நிலைக்கு 1984லயே ஆண்ட்ரூ ஜேமிட்டன் எண்ட மெய்யியலாளர் தாதிமாரப் பற்றி எழுதேக்க பேர் வச்சிட்டார், 'மோரல் டிஸ்ட்ரெஸ்' எண்டு. மாணவர்களுக்கு இது இன்னும் மோசம், ஏனெண்டா மார்க் போடுறதும் அதே ஆக்கள்தான்.

வாட் ரெஜிஸ்ட்ரார் (ஸ்பெஷலிஸ்ட் ஆகுறதுக்குப் பயிற்சி எடுக்கிற டொக்டர்) அக்காட்ட போய்க் கதைச்சன். கோபப்படேல்ல. "அடுத்த முற நீங்களே முதல் தமிழ்ல கேளுங்கோ, ரெண்டு பேர் பாத்தாப் போதும், நான் சேர்ட்ட சொல்றன்" எண்டா.

இப்ப கேக்கிறன். போன செவ்வாய் ஒரு ஐயா "வேணாம் மகள், களைப்பா இருக்கு" எண்டார், சரி ஐயா எண்டு திரையை இழுத்து விட்டுட்டு வந்தம். சேர் ஒண்டும் சொல்லேல்ல.

அந்த அம்மாட்ட மட்டும் மன்னிப்புக் கேக்க முடியேல்ல. நான் போகேக்க கட்டில்ல வேற ஆள், டிக்கட் வெட்டி வீட்ட போயிட்டாவாம்.