புதுப்பிப்பு: சிபானி டால்பின் போல்ட், பிராக்கெட்டுகளுக்குப் பழைய மஞ்சள் ஃபினிஷ்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சிபானி கம்பெனியின் பழைய காரான டால்பினின் துருப்பிடித்த பிராக்கெட், கீல், போல்ட்டுகளைப் பழைய ஃபினிஷுக்குக் கொண்டுவருவது எப்படி என்று கேட்டிருந்தேன். சில்வர் பெயின்ட், பவுடர் கோட்டிங் (பெயின்ட் பொடியைச் சூட்டில் உருக்கிப் படியவைப்பது), மஞ்சள் ஜிங்க் பிளேட்டிங் (இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு, அதன் மேல் மஞ்சள் படலம்) என்று யோசனைகள் வந்தன. கைகொடுத்தது மஞ்சள் ஜிங்க்தான். ஒரு வாஷரைக் கழற்றினால், அடியில் அதே மஞ்சள் லேசான வானவில் மினுக்கோடு வட்டமாக மிஞ்சியிருந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். கடினப்படுத்திய போல்ட், ஸ்பிரிங் இருந்தால் பட்டறையில் முன்பே சொல்லிவிடுங்கள். ஆசிட்டிலும் பிளேட்டிங்கிலும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்தால் பின்னால் பட்டென்று முறியும். அதைத் தவிர்க்க, பிளேட்டிங் முடிந்ததும் சுமார் 200 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் ஓவனில் சூடேற்றணும். அதுவும் மஞ்சள் பாசிவேஷனுக்கு (ஜிங்கின் மேல் அந்த மஞ்சள் படலம் ஏற்றுவதற்கு) முன்னால். அப்புறம் சூடேற்றினால் படலம் கெட்டுவிடும். புதுப் படலம் ஒரு நாளாவது மென்மையாக இருக்கும், கை வைக்காதீர்கள்.

எதிர்பாராதது ஒன்று. சேஸிஸ் பக்கத்து பிராக்கெட்டுகளுக்கு மட்டும் பவுடர் கோட்டிங். மாட்டியதும் ஹெட்லைட் மங்கல்! பாடி ஃபைபர் கிளாஸ், அதில் கரன்ட் போகாது; எர்த் (கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) எல்லாம் அந்த இரும்பு வழியாகத்தான். கோட்டிங் அதை மறித்துவிட்டது. எர்த் ஒயர் உட்காரும் இடத்தை மட்டும் இரும்பு தெரியச் சுரண்டி, ஸ்டார் வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாசலின் தடவினேன். வெளிச்சம் வந்துவிட்டது. பல்புதான் போச்சு என்று நினைத்துப் புதுப்பேட்டையில் வாங்கிய புது பல்புகள் டப்பாவிலேயே கிடக்கின்றன.