நைட்ரஸ் ஆக்சைடு பைப்லைனை மூடிய அனுபவம் யாருக்காவது உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூர் பக்கம் ஒரு மருத்துவமனையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். கார்பன் வெளியேற்றத்தைக் குறைக்கத் திட்டம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். சோலார், எல்இடி எல்லாம் தெரிந்ததுதான். என்னை உறுத்துவது மயக்க மருந்து வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு.

ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறினால் சுமார் 270 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். நூறாண்டுக்கு மேல் காற்றிலேயே தங்கும். எங்கள் மேனிஃபோல்டு அறையில் (சிலிண்டர்களை மையக் குழாயோடு இணைத்திருக்கும் அறை) நீல சிலிண்டர்கள் சங்கிலி மாட்டி வரிசையாக நிற்கின்றன. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருத்துவர்கள் அதைத் திறப்பதே அபூர்வம். ஆனாலும் சிலிண்டர் காலியாகிக்கொண்டே இருக்கிறது. குழாய் இணைப்புகளில் கசிகிறது என்றுதான் நினைக்கிறேன். பிரிட்டனில் பல மருத்துவமனைகள் இதற்காகவே மையக் குழாயை மூடிவிட்டு, மயக்க மருந்து மெஷினிலேயே சின்ன சிலிண்டரை மாட்டிக்கொண்டன.

இங்கே யாராவது அப்படிச் செய்திருக்கிறீர்களா? மருத்துவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? கசிவை எதை வைத்து அளந்தீர்கள்? என்ஏபிஹெச் (மருத்துவமனைத் தர அங்கீகார அமைப்பு) ஆய்வில் கேள்வி வந்ததா?

அப்புறம், இரவில் தியேட்டர் ஏசியின் காற்றோட்டத்தைக் குறைத்தும் பாசிட்டிவ் பிரஷர் (வெளிக்காற்று உள்ளே வராதபடி உள்ளே கூடுதலாக வைக்கும் காற்றழுத்தம்) இறங்காமல் பார்த்துக்கொண்டவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மாதக் கடைசிக்குள் திட்டத்தைக் கொடுக்க வேண்டும்.