ரூட் இல்லாமல் 443-ஆம் போர்ட்: எந்த வழி சரி?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். நோட் ஜேஎஸ்ஸில் (ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம்களை ஓட்டும் மென்பொருள்) எழுதிய வெப் சர்வரைச் சாதாரண யூசர் கணக்கிலிருந்து 443-ஆம் போர்ட்டில் (ஹெச்டிடிபிஎஸ் இணைப்புகள் வரும் வாசல் எண்) ஓட்ட வேண்டும். மெஷினில் இருப்பது டெபியன் 12 லினக்ஸ். ஸ்டார்ட் செய்ததுமே 'பெர்மிஷன் டினைட்' என்று நின்றுவிடுகிறது. 1024-க்குக் கீழுள்ள போர்ட்டைத் திறக்கத் தனி உரிமை வேண்டும் என்பது தெரியும். ஆனால் இணையத்துக்கு முகம் காட்டி நிற்கும் புரோகிராமை ரூட்டாக, அதாவது எல்லா உரிமையும் உள்ள கணக்கில், ஓட்ட எனக்குத் துளியும் மனமில்லை. அதில் ஒரு ஓட்டை இருந்தாலும் மொத்த மெஷினும் போய்விடும்.

செட்கேப் (ஒரு ஃபைலுக்குத் தனி உரிமை கொடுக்கும் கட்டளை) மூலம் நோட் பைனரிக்கு (நோட்டின் இயங்கும் ஃபைலுக்கு) அந்த உரிமையை மட்டும் கொடுத்துப் பார்த்தேன், ஓடியது. ஆனால் உரிமை ஃபைலோடு ஒட்டிக்கொள்வதால், அங்கே நோட்டை இயக்கும் எல்லாருடைய ஸ்கிரிப்டுக்கும் அது போய்விடுகிறது. நோட்டை அப்டேட் செய்தால் புது ஃபைல் வரும், உரிமை இருக்காது. ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் நெட்வொர்க் விதிகளை அமைக்கும் கருவி) 443-ஐ 8443-க்குத் திருப்பலாம். ஆனால் என் சர்வர் நின்றிருக்கும் நேரத்தில் வேறொரு யூசர் 8443-ஐப் பிடித்துக்கொள்ள முடியும். பலர் புழங்கும் மெஷின், அதனால் அது வேண்டாம்.

மிச்சம், மெஷினில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிதான். யூனிட் ஃபைலில் (சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் ஃபைல்) அந்த உரிமையை என் சர்வீஸுக்கு மட்டும் தரும் 'ஆம்பியன்ட் கேப்பபிலிட்டீஸ்' போடுவதா, இல்லை சிஸ்டம்டியே போர்ட்டைத் திறந்து, அந்தச் சாக்கெட்டை (திறந்த இணைப்பு முனையை) என் புரோகிராமின் கையில் கொடுக்கும் சாக்கெட் ஆக்டிவேஷனா? இரண்டாவதில் என் புரோகிராமுக்கு எந்த உரிமையும் தேவையில்லை என்பதால் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. நோட்டோடு இதை நிஜ சர்வரில் ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? ரீஸ்டார்ட் ஆகும்போது இணைப்புகள் அறுந்தனவா? உங்கள் யூனிட் ஃபைலைப் பகிர்ந்தால் பெரிய உதவியாக இருக்கும்.