அந்த ஜெர்மன்காரனுக்காகப் பாவப்பட்டது தப்பா? (ஆக்கிரமிப்புக் காலப் பிரெஞ்சுக் கதைகள்: உங்களை விடாத ஒரு இடம்)

திண்ணைவாசகி

வெர்கோரின் ‘கடலின் மௌனம்’ இங்கே பாதிப் பேராவது படித்திருப்பீர்கள், அதனால் கதையைச் சொல்லவில்லை. எனக்கு இரண்டு வருடமாக ஓர் உறுத்தல். வாசகர் கூட்டம் ஒன்றில் அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எழுந்து வெர்னர் ஃபான் எப்ரெனாக்கைப் பற்றி உருகி உருகிப் பேசினேன். பிரான்ஸைப் பிடித்த ஜெர்மன் ராணுவத்தின் அதிகாரி, ஒரு பிரெஞ்சு வீட்டு மாடியில் வந்து தங்குகிறவன், என்றாலும் இசையமைப்பாளன். விறைத்த காலோடு தினமும் வந்து கணப்பருகே நின்று பிரான்ஸை எவ்வளவு நேசிக்கிறான் என்று சொல்கிறான். வீட்டுக்காரக் கிழவரும் அவரோடு இருக்கும் பெண்ணும் வாயைத் திறப்பதில்லை. ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல் இரவு வணக்கம் சொல்லிவிட்டு மாடி ஏறுகிறான். பாவம் இல்லையா என்று கேட்டேன்.

முன்வரிசையில் ஒரு பெரியவர், எண்பது வயது இருக்கும். மெல்லத் திரும்பி, “அது யார் வீட்டுக் கணப்பும்மா?” என்றார். அவ்வளவுதான். அப்புறம் நான் என்ன பேசினேன், எப்படி உட்கார்ந்தேன் என்று நினைவில்லை.

உங்களுக்கும் இப்படி ஓர் இடம் இருந்தால் எழுதுங்கள்.

கல்யாணவேன்

எனக்கு நெமிரோவ்ஸ்கியின் ‘சூட் பிரான்சேஸ்’, முதல் பாகம். 1940 ஜூன், பாரிஸே மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே ஓடுகிறது. பெரிக்கான் குடும்பத்து அம்மாள் நெருப்பிலிருந்து தப்பி வந்து, பிள்ளைகள் இருக்கிறார்களா, பணம் இருக்கிறதா, நகை இருக்கிறதா என்று சரிபார்க்கிறாள். பூனைகூட வந்துவிட்டது. நிம்மதிப் பெருமூச்சு விட்ட பிறகுதான், சக்கர நாற்காலியிலிருந்த மாமனாரை விட்டுவிட்டு வந்தது தெரிகிறது.

ரயிலில் படித்துக்கொண்டிருந்தவன் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மறுநொடி சிரிப்பு தொண்டையில் நின்றது. என் அக்கா கல்யாணத்தில் சீர்வரிசைப் பாத்திரம் மொத்தத்தையும் இரண்டு தடவை எண்ணி வேனில் ஏற்றிவிட்டு, மண்டபத் திண்ணையில் தாத்தாவை விட்டுவிட்டு வந்த குடும்பம் எங்களுடையது. திரும்பிப் போனபோது அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். ‘வந்துடுவீங்கன்னு தெரியும்’ என்றார். எங்களுக்கு நடந்தது சமாதான காலத்தில், 12 கிலோமீட்டர் தூரத்தில். குண்டு விழுந்திருந்தால் திரும்பிப் போயிருப்போமா என்று அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன், பதில் வரவில்லை.

கரிச்சட்டி

திண்ணைவாசகி, பெரியவர் கேட்டது சரியான கேள்விதான், ஆனால் நீங்கள் ஏன் உட்கார்ந்தீர்கள்? எழுதியவரே அவனை நல்லவனாகத்தானே படைத்திருக்கிறார்! கொடூரமானவனிடம் பேசாமல் இருக்க யாராலும் முடியும். நல்லவனிடம் பேசாமல் இருப்பதுதான் கஷ்டம், கதையே அந்தக் கஷ்டத்தைப் பற்றியது. போர்க் காலத்திலேயே நியூயார்க்கிலும் லண்டனிலும் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் சிலர், இதை எழுதியவன் ஜெர்மானியரோடு ஒத்துழைக்கிறவன் என்று சந்தேகப்பட்டதாகப் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் எழுதியிருக்கிறார். தூரத்தில் இருந்தவர்களுக்கு எல்லா ஜெர்மானியனும் பூதம். வீட்டு மாடியில் ஒருவனைக் குடிவைத்திருந்தவர்களுக்குத்தான் அவன் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறவன் என்று தெரியும்.

கல்யாணவேனுக்கு ஒன்று. அந்த நாவலை நகைச்சுவையாக மட்டும் பார்க்காதீர்கள். இஸி லெவெக் என்ற ஊரில், தாளையும் மையையும் மிச்சம் பிடிக்கப் பொடிப்பொடி எழுத்தில் எழுதியது அது. ஐந்து பாகம் என்று திட்டம், முடிந்தது இரண்டுதான். 1942 ஜூலை 13 அன்று பிரெஞ்சுக் காவலர்கள் வந்து நெமிரோவ்ஸ்கியைக் கூட்டிப்போனார்கள், ஆகஸ்டில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இறந்தார். யூதராகப் பிறந்ததற்காகச் செத்தவரின் அந்த நாவலில் யூதர்களின் கதி பேசப்படவே இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான். காட்சி எதுவும் இல்லை, மன்னிக்கவும்.

கல்யாணவேன்

நகைச்சுவை என்று நான் எங்கே சொன்னேன்? இரண்டாவது வாக்கியத்தையும் படியுங்கள் சார்.

முட்டைமஞ்சள்

இரண்டாம் உலகப் போர் மட்டும்தான் கணக்கா? 1870 பிரஷ்யப் படையெடுப்பையும் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் மாப்பசானின் ‘பூல் த சுயிஃப்’.

கல்லூரியில் நடத்தினேன். ரூவானிலிருந்து கிளம்பும் வண்டியில் பத்துப் பேர். முதல் நாள் பசியில் வாடியவர்களுக்கெல்லாம் தன் கூடையைத் திறந்து கோழிக்கறி போட்டவள் அந்தத் ‘தப்பான’ பெண். தோத் விடுதியில் பிரஷ்ய அதிகாரி அவள் வந்தால்தான் வண்டியை விடுவேன் என்று மறித்ததும், பிரபு, வியாபாரி, கன்னியாஸ்திரி எல்லோருமாகப் பேசிப் பேசி அவளை அனுப்பிவைக்கிறார்கள். மறுநாள் வண்டியில் எல்லோரும் பொட்டலத்தைப் பிரித்துத் தின்கிறார்கள். அவசரத்தில் எதுவும் எடுத்துவராத அவளுக்கு ஒரு வாய் கொடுக்க ஆளில்லை.

இவர்களில் மோசமானவர் யார் என்று வகுப்பில் கேட்டேன். வியாபாரி, பிரபு என்று வழக்கமான பதில்கள். கடைசி பெஞ்சில், வாயே திறக்காத ஒரு பெண், “கோர்னுதே” என்றாள். ஜனநாயகவாதி, மற்றவர்களின் சதியில் சேராதவன், ‘நீங்கள் செய்தது கேவலம்’ என்று முகத்துக்கு நேரே சொன்னவன். அவனா, ஏன் என்றேன். “அவனும் முட்டை தின்னான் மிஸ். தாடியில மஞ்சக்கரு ஒட்டியிருக்கு. பக்கத்துல அவ அழுவுறா, இவன் தேசபக்திப் பாட்ட சீட்டி அடிக்கிறான்.”

பதினோரு வருடம் நடத்திய கதை. அந்த மஞ்சள் கருவை ஒரு வர்ணனை என்றுதான் தாண்டிப் போயிருக்கிறேன்.

பழையபேப்பர்

என் அனுபவம் சின்னது. ஜான் துதூரின் பால்கடைக்காரன் நாவலைப் படித்த வாரம் எங்கள் தெருப் பால்காரரை ஒரு மாதிரி பார்த்தேன், அவர் என்ன சார் என்றார். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எல்லோரும் செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். இந்த வகைக் கதையை எடுத்தால் முதலில் அது எந்த வருடம் வந்தது என்று பாருங்கள், கதாபாத்திரத்துக்கு அப்புறம் வரலாம். ‘கடலின் மௌனம்’ 1942இல், ஜெர்மானியர் பாரிஸில் இருந்தபோதே மினுயி என்ற ரகசியப் பதிப்பகம் அச்சடித்தது. முதலில் சில நூறு பிரதிகள்தான், கைமாறிப் போனது. அன்றைக்கு வாசகனுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு யோசனை: பேசாதே. சண்டை மூர்க்கமானதும் அந்த யோசனை பழசாகிவிட்டது, இதையும் சார்த்தர்தான் சொல்கிறார். கெஸ்ஸலின் ‘நிழல்களின் படை’ 1943இல் அல்ஜியர்ஸிலிருந்து வந்தபோது எதிர்ப்பு இயக்க ஆட்கள் மௌனமாக இல்லை, தங்களில் ஒருவனையே கொல்ல வேண்டிய நிலைக்கு வந்துவிட்டார்கள்.

போர் முடிந்ததும் கதை மாறுகிறது. காமுவின் ‘கொள்ளைநோய்’ 1947. அதில் நோயே ஆக்கிரமிப்பு. ஊரே சாகும்போது கோத்தார் ஒருவன்தான் சந்தோஷமாக இருக்கிறான், கள்ளச் சரக்கு விற்கிறான். அந்த ஆளை மட்டும் தனியாகப் படியுங்கள். 1952இல் துதூர். பாலில் தண்ணீர் கலந்து, தப்பிவந்த போர்க்கைதியைக் காட்டிக்கொடுத்து, ஜெர்மானியரோடு ஒத்துப்போன அரசின் தலைவர் மார்ஷல் பெத்தானைப் பார்க்க வாத்து முட்டையோடு விஷிக்குப் போய், கடைசியில் பணக்காரர்களாகவே இருக்கும் தம்பதி. ‘நாங்கள் எல்லோரும் எதிர்த்தோம்’ என்று நாடு சொல்லிக்கொண்டிருந்தபோது ஒருவர் அவர்களுடைய கல்லாப்பெட்டியைத் திறந்து காட்டினார். 1968இல் மோதியானோ வந்தார், 1945இல் பிறந்தவர். தான் பார்க்காத காலத்தின் நாற்றம் தன் சட்டையில் அடிக்கிறது என்பது போல எழுதுகிறவர்.

ஆகவே வருட வரிசையில் படியுங்கள். நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள், ஒன்றில் கதை நடக்கும் வருடம், இன்னொன்றில் எழுதிய வருடம். பின்னட்டையை நம்பாதீர்கள். முடிந்தால் பிரெஞ்சு வரைபடம் ஒன்றை வாங்கி, 1940இல் ஜெர்மானியர் ஆக்கிரமித்த பகுதியைப் பிரித்த கோடு எங்கே விழுந்தது, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பென்சிலால்

முட்டைமஞ்சள்

ஐயா, வாக்கியம் பாதியில் நிற்கிறது. முடிக்க வேண்டாம்.

லாஷப்பல்வாசி

பழையபேப்பர் அண்ணை மோதியானோ பெயரைச் சொன்னபடியால் எழுதுறன். இருபது வருசமாக பாரிஸில் லா ஷப்பல் பக்கம் வேலை. அவர் எழுதின ‘தோரா ப்ரூதேர்’ அதிலிருந்து தூரமில்லாத தெருக்களில்தான் நடக்குது. 1941 டிசம்பர் 31 பத்திரிகையில் வந்த விளம்பரம்: பதினைந்து வயதுப் பெண்ணைக் காணவில்லை, உயரம் 1.55 மீட்டர், நீள்வட்ட முகம், சாம்பல் நிற ஜாக்கெட், தகவல் தெரிந்தால் 41 புல்வார் ஒர்னானோவில் பெற்றோருக்குச் சொல்லவும். எழுத்தாளர் அரை நூற்றாண்டு கழித்து அதைக் கண்டு தேடத் தொடங்குறார். கிடைப்பது கொஞ்சம் கோப்புகள், கடைசியில் தகப்பனோடு அவளை ஆஷ்விட்ஸுக்கு ஏற்றின ரயிலின் தேதி: 1942 செப்டம்பர் 18. வீட்டைவிட்டுப் போன அந்த மாதங்களில் அவள் எங்கே இருந்தாள் என்பது மட்டும் தெரியாது. அவர் கற்பனையால் அதை நிரப்பவும் இல்லை.

ஒருநாள் வேலை முடிந்து 41ஆம் இலக்கத்தின் முன்னால் போய் நின்றனான். உள்ளேயிருந்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வந்தாள். நான் அங்கே குடியிருக்கிற ஆள் என்று நினைச்சு, கதவைப் பிடிச்சுக்கொண்டு காத்து நின்றாள். இல்லை என்று தலையாட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கொண்டு நின்றாள். பிறகு விட்டாள்.

எங்கட வீட்டிலும் தம்பிக்காகப் பேப்பரில் விளம்பரம் குடுத்தவை. உயரத்தை அம்மா கதவு நிலையில் அளந்து சொன்னவ. அதுக்கு மேல் இங்கே எழுத வரேல்லை.

பழையபேப்பர்

வரைபடத்தை விடுங்கள். மன்னிக்கவும்.

திண்ணைவாசகி

நேற்று இரவு திரும்பப் படித்தேன். கரிச்சட்டி சொன்ன கதவைத் தட்டும் விஷயம் பற்றி: அவன் தினமும் தட்டுகிறான், ஆனால் பதிலுக்குக் காத்திருக்காமல் வந்துவிடுகிறான். பாரிஸுக்குப் போய், தன் நண்பர்கள் பிரான்ஸின் ஆன்மாவையே நசுக்கத் திட்டமிடுவதைக் கேட்டுவிட்டு வந்த பிறகுதான் வெளியே நின்று காத்திருக்கிறான். அன்றுதான் கிழவரும் “உள்ளே வாருங்கள்” என்கிறார். போன தடவை இது என் கண்ணில் படவே இல்லை.

கடைசிப் பக்கத்தைச் சும்மா தமிழில் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். கிழக்குப் போர்முனைக்கு, நரகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ‘அதியூ’ (இனிப் பார்க்கப் போவதில்லை என்று விடைபெறும் சொல்) என்று சொல்லி நகராமல் நிற்கிறான். அந்தப் பெண்ணும் அதே ஒரு சொல்லைச் சொல்கிறாள், கதை முழுக்க அவனிடம் அவள் பேசும் ஒரே சொல். இதற்கு ‘போய் வாருங்கள்’ என்று எழுதினால் திரும்பக் கூப்பிட்டதாகிவிடுகிறது. ‘போங்கள்’ என்றால் விரட்டியதாகிறது. நம் வீட்டில் யாரும் யாரையும் ‘வா’ சேர்க்காமல் வழியனுப்பியதே இல்லை. அந்த இடத்தைக் கோடு போட்டு விட்டு வைத்திருக்கிறேன். யாருக்காவது ஒரு சொல் தோன்றினால் சொல்லுங்கள்.