கடிகாரம் இல்லாத கிளஸ்டர்: வீட்டு லினக்ஸ் அனுபவங்கள்

பகிர்வு 1

வீட்டில் சில ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறிய கணினிப் பலகைகளை அடுக்கி ஒரு கிளஸ்டர் (கணினிக் கூட்டம்) வைத்திருக்கிறேன். அதில் ஒன்றுதான் வீடு முழுவதற்கும் டிஎன்எஸ் சர்வர், அதாவது தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது. விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோலும், பெயருக்கு முகவரி தேடித் தரும் அன்பவுண்டும் அதில் ஓடுகின்றன. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனோம். நீண்ட விடுமுறை முடிந்து திரும்பி வந்து போட்டால், யாருக்கும் இணையம் இல்லை. பிள்ளைகள் ரூட்டரைத் திட்டினார்கள்.

ஆனால் 1.1.1.1 என்ற இணைய முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது. அப்படியானால் இணைப்பில் குறையில்லை, பெயர்தான் முகவரியாக மாற மறுக்கிறது. டிஎன்எஸ்ஸிடம் கேட்டுப் பார்க்கும் 'டிக்' கட்டளையில் எந்தத் தளத்தைக் கேட்டாலும் 'செர்வ்ஃபெயில்' (சர்வரால் விடை தர முடியவில்லை) என்றே பதில். அதே கேள்வியை '+சிடி' சேர்த்துக் கேட்டேன். முகவரி உடனே வந்து விழுந்தது. டிஎன்எஸ் பதில் போலியல்ல என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பத்தைச் சரிபார்க்காமல் பதில் கொடு என்பதுதான் '+சிடி'க்குப் பொருள். ஆக, இடறுவது கையொப்பச் சோதனையில். 'டேட்' அடித்துப் பார்த்தேன். அந்தப் பலகை இன்னும் நாங்கள் ஊருக்குக் கிளம்பிய நாளிலேயே இருந்தது.

பை 4-இல் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. கடைசியாகக் கோப்பில் எழுதி வைத்த நேரத்தோடு எழுந்திருக்கும். பிறகு இணையத்தில் சரியான நேரம் சொல்லும் என்டிபி சர்வரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். அந்த சர்வரின் பெயருக்கான முகவரியைக் கண்டுபிடிக்க டிஎன்எஸ் வேண்டும். டிஎன்எஸ் கையொப்பங்களுக்கோ தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பலகையின் கணக்கில் அவை இன்னும் தொடங்கவே இல்லை என்பதால் அன்பவுண்ட் நிராகரித்துவிடுகிறது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்!

கையால் நேரத்தைக் கொடுத்ததும் எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டன. நிரந்தரத் தீர்வாக, நேரத்தைத் திருத்தும் குரோனி நிரலின் அமைப்புக் கோப்பில் ஒரு என்டிபி சர்வரைப் பெயரால் அல்லாமல் ஐபி எண்ணால் எழுதினேன். 'மேக்ஸ்டெப் 1 3' என்ற வரியும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நொடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், முதல் மூன்று திருத்தங்களுக்குள் ஒரே தாவலாக நேரத்தை மாற்றச் சொல்வது அது. அது இல்லையென்றால் குரோனி நேரத்தை மெதுவாகத்தான் நகர்த்தும். நாள்கணக்கில் பின்தங்கிய கடிகாரத்துக்கு அது போதாது. டிஎன்எஸ்செக்கையே அணைத்துவிடலாமே என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை; பழுது அங்கே இல்லை.

பகிர்வு 2

எங்கள் வீட்டுக் கதை வேறு. உபுண்டு சர்வர் போட்ட ஒரு மெமரி கார்டை நகலெடுத்து இன்னொரு பலகையில் செருகினால், இரண்டுக்கும் ரூட்டர் ஒரே ஐபியைக் கொடுக்கிறது. தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் ஒரு முறை இதில் நுழைகிறது, மறுமுறை அதில். மேக் முகவரிகள் (பலகைக்குப் பலகை மாறும் வன்பொருள் எண்கள்) வேறு வேறாக இருந்தும் இப்படி! காரணம், உபுண்டுவில் பிணைய இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க்டி, ரூட்டரிடம் ஐபி கேட்கும்போது காட்டும் தன் டிஎச்சிபி அடையாளத்தை 'இடிசி' அடைவில் உள்ள 'மெஷின்-ஐடி' கோப்பிலிருந்து உருவாக்குகிறது; நகலில் அந்தக் கோப்பும் அப்படியே வந்துவிடுகிறது. அதைக் காலியாக்கிவிட்டு மீண்டும் இயக்கினால் புதிய எண் பிறக்கும். நகலில் அப்படியே வந்துவிடும் எஸ்எஸ்எச் சர்வரின் சாவிகளையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

பகிர்வு 3

முதலில் எழுதிய நண்பருக்கு: ஐபி எண் நல்ல வழிதான், ஆனால் அந்த எண் என்றைக்காவது மாறக்கூடும். டிஎஸ்3231 என்ற சிறிய கடிகாரப் பலகையைச் சேர்த்துவிடுங்கள். பையின் கான்ஃபிக் கோப்பில் 'டிடிஓவர்லே=ஐ2சி-ஆர்டிசி,டிஎஸ்3231' என்று ஒரு வரி போதும்; நேரத்தைக் கோப்பில் எழுதி வைக்கும் ஃபேக்-எச்டபிள்யுகிளாக் தொகுப்பு இருந்தால் நீக்கிவிடுங்கள். பை 5 வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை, கடிகாரம் உள்ளேயே இருக்கிறது. பேட்டரி மட்டும் வாங்க வேண்டும். டிஎஸ்3231-க்கு மின்சாரத்தை 3.3 வோல்ட் முனையிலிருந்தே எடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால், கடிகாரமும் பையும் பேசிக்கொள்ளும் ஐ2சி கம்பிகளிலும் அதே 5 வோல்ட் ஏறும். பையின் முனைகள் அதைத் தாங்காது.