சத்தமில்லாத கணினிக்கு மதர்போர்டு: பி650 போதுமா, எக்ஸ்670இ வேண்டுமா?

நெல்லைக்குரல்:
வீட்டில் ஒலிப்புத்தகம் பதிவு செய்கிறேன். பத்துக்குப் பத்து அறை, மைக்குக்கும் கணினிக்கும் மூன்றடி தூரம். பதிவு நேரத்தில் மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிடுவேன். மே மாத வெயிலில் கால் மணி நேரத்தில் அறை அனலாகிவிடும். அப்போது சத்தம் போடுவது கணினி ஒன்றுதான். ப்ராசசர் ரைசன் 9 7900 என்று முடிவு செய்துவிட்டேன். மதர்போர்டில்தான் குழப்பம்: ஏஎம்டியின் பி650 சிப்செட் (எஸ்எஸ்டி, யுஎஸ்பி இணைப்புகளைக் கவனிக்கும் சிப்) உள்ளதா, விலை கூடிய எக்ஸ்670இ உள்ளதா? "சத்தம் வேண்டாம் என்றால் எக்ஸ்670இ எடுங்கள்" என்கிறார் கடைக்காரர். சரிதானா?

செம்பருத்தி:
சரியில்லை. எக்ஸ்670இ-யில் இருப்பது பி650-இல் உள்ள அதே சிப்தான், ஒன்றுக்குப் பதில் இரண்டு. கூடுதலாக எஸ்எஸ்டி, யுஎஸ்பி இணைப்புகள் கிடைக்கும். அமைதி கிடைக்காது. உங்கள் 7900 முழு மூச்சில் ஓடினாலும் போர்டில் உள்ள ப்ராசசர் சாக்கெட் வழியாக எடுப்பது 88 வாட். 7900எக்ஸ் என்றால் 230 வாட் வரை போகும், அது வேறு கதை. 88 வாட்டுக்குச் சுமாரான பி650 போர்டே தாராளம். மதர்போர்டு சத்தம் போடும் பொருளே இல்லை. மிச்சமாகும் பணத்தை ப்ராசசர் சூட்டைத் தணிக்கும் பெரிய கூலரிலும் 140 மி.மீ. ஃபேன்களிலும் போடுங்கள்.

இரவுப்பணி:
"சத்தம் போடும் பொருளே இல்லை" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் முந்தைய போர்டில் சிப்செட் மேல் ஒரு குட்டி ஃபேன், கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே. இரண்டாவது வருடம் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. கூலரா, பவர் சப்ளையா என்று பிடிபடவே இல்லை. கடைசியில் செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு இடமாக நகர்த்திக் கேட்டேன். ஐஸ் குச்சியால் அந்தக் குட்டி ஃபேனின் நடுவை லேசாகத் தொட்டதும் ரீங்காரம் சட்டென்று நின்றது. மூன்று மாதம் அந்தச் சத்தத்தோடுதான் வேலை பார்த்திருக்கிறேன்.

செம்பருத்தி:
நீங்கள் பட்ட பாடு புரிகிறது. ஆனால் அந்தக் காலம் போய்விட்டது. 2019-இல் பிசிஐஇ 4.0 என்ற வேகமான இணைப்புடன் எக்ஸ்570 சிப்செட் வந்தபோது சூடு அதிகம் என்று அநேகமாக எல்லாப் போர்டிலும் ஃபேன் வைத்தார்கள். 2021-லேயே ஃபேன் இல்லாத எக்ஸ்570எஸ் வந்துவிட்டது. பி650-க்கு வெறும் ஹீட்சிங்க், அதாவது சூட்டை உறிஞ்சும் உலோகத் துண்டு, போதும்.

இரவுப்பணி:
சரி, அதை விடுங்கள். மற்ற ஃபேன்களை ஆட்டி வைப்பது யார்? மதர்போர்டுதானே! ரைசனில் ஒரு பிரவுசர் டேப் திறந்தாலே வெப்பநிலை ஒரு நொடியில் துள்ளும். போர்டு அந்தத் துள்ளலுக்கெல்லாம் ஆடினால் ஃபேன் ஏறி இறங்கி, ஏறி இறங்கி மூச்சு வாங்கும். ஒரே சீராக ஓடும் ஃபேன் சத்தத்தை எடிட்டிங்கில் ஓரளவு எடுத்துவிடலாம். ஏறி இறங்குவதை எடுப்பது நரக வேதனை.

நெல்லைக்குரல் அண்ணே, நீங்கள் பார்க்க வேண்டியது பயாஸைத்தான், அதாவது ஃபேன் வேகம் போன்றவற்றை அமைக்கும் போர்டின் சொந்த மென்பொருளை. சூடு ஏறினால் எத்தனை நொடி பொறுத்து ஃபேன் வேகமெடுக்க வேண்டும் என்று வைக்க முடியுமா? கேபினெட் ஃபேன் எந்த சென்சாரைப் பார்க்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாமா? வேகக் கட்டுப்பாட்டுக்குத் தனிக் கம்பி இல்லாத 3 பின் ஃபேனையும் வோல்டேஜ் குறைத்து மெதுவாக ஓட்டுமா? கையேட்டை நிறுவனத்தின் தளத்தில் இறக்கிப் படித்துவிட்டு அப்புறம் காசு கொடுங்கள்.

தறிக்காரன்:
சுவரில் ஓட்டை போட்டுக் கணினியைப் பக்கத்து அறையில் வையுங்கள். யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர் வரை போகும். பிரச்சினை முடிந்தது.

நெல்லைக்குரல்:
வாடகை வீடு, தம்பி. ஆணி அடிக்கவே அனுமதி கிடையாது.

செம்பருத்தி:
பயாஸ் விஷயத்தில் இரவுப்பணி சொல்வது நியாயம், அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் அந்த வசதிக்காக எக்ஸ்670இ விலை கொடுக்கத் தேவையில்லை. பணம் கூலருக்கே போகட்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கக் காரணம் இருக்கிறது: ஃபேன் வேகம் பாதியானால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். கூலர் பெரிதாக இருந்தால்தான் அனலடிக்கும் அறையில் பாதி வேகத்தில் சமாளிக்க முடியும். சின்னக் கூலரை வைத்துக்கொண்டு பயாஸில் எத்தனை நொடி தாமதம் வைத்தாலும், பத்து நிமிடப் பதிவில் சூடு ஏறத்தான் செய்யும்.

இரவுப்பணி:
அதில் எனக்கு மறுப்பு இல்லை. எல்லாப் பி650-யும் ஒன்று என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நெல்லைக்குரல்:
நேற்று ராத்திரி மூன்று பி650 போர்டுகளின் கையேடுகளைப் படித்தேன். ஒன்றில் தாமத நேரம் பற்றிப் பேச்சே இல்லை. மற்ற இரண்டிலும் இருக்கிறது, அவற்றுள் விலை குறைந்ததில் சென்சாரையும் தேர்ந்தெடுக்கலாம். அதையே எடுக்கிறேன். மிச்சத்துக்கு இரட்டை டவர் கூலர். வந்ததும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வெறும் அறையை ஒரு நிமிடம் பதிவு செய்து இங்கே போடுகிறேன்.