கியூபிச அசையாப்பொருள் அச்சுகள்: ஓவியத்தின் நிழலா, தனிக் கலையா?

இளவேனில்:
பொருள்களைத் தளங்களாக உடைத்துக் காட்டும் ஓவியப் பாணியான கியூபிசத்தின் அச்சோவியங்களைத் தனிச் சாதனையாகக் கொண்டாடுவது மிகை என்றே கருதுகிறேன். முதல் உலகப் போருக்கு முன், அப்பாணியின் முன்னோடிகளுள் ஒருவரான பிராக் அச்செடுப்பதற்காகச் செதுக்கியவை ஏறத்தாழப் பத்துச் செம்புத் தகடுகள்தாம். அவற்றில் கலை வணிகர் கான்வைலர் 1912இல் வெளியிட்ட ‘ஃபாக்ஸ்’, ‘ஜாப்’ இரண்டையும் விட்டால், மற்றவற்றில் பெரும்பாலானவை 1950களில்தான் பதிப்பாக வெளிவந்தன. பிராக்கும் பிக்காசோவும் கித்தானில் கண்டடைந்ததையே செம்பில் எழுதிப் பார்த்தார்கள். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

செம்புத்தகடு:
எண்ணிக்கை குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதைக் கொண்டு தரத்தை அளப்பதை ஏற்க இயலாது. பிக்காசோ 1911இல் செதுக்கிய ‘மார்க்’ என்னும் மதுவின் புட்டியைக் காட்டும் தகடு ஐம்பது சென்டிமீட்டர் உயரமுள்ளது. பொழுதுபோக்காகக் கிறுக்கிய அளவன்று. இவை டிரைபாயின்ட் முறையில் அமிலமின்றி, ஊசியால் நேரடியாகக் கீறப்பட்டவை. ஊசி செல்லும் வழியில் பள்ளத்தின் ஓரமாகச் செம்புப் பிசிறு எழுகிறது. அதில் மை தங்குவதால், அச்சில் கோட்டின் ஒரு விளிம்பு கூர்மையாகவும் மறு விளிம்பு வெல்வெட்டைப் போல மங்கியும் விழுகிறது. கோப்பையின் ஓரம் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத நிலையைத் தூரிகையால் உழைத்துப் பெற்றவர்களுக்கு, இங்கே ஒரு கீறலே அதைத் தந்துவிடுகிறது. அக்கால ஓவியங்களே பழுப்பிலும் சாம்பலிலும் ஒடுங்கியிருந்ததால், நிறம் இல்லாதது இங்கே இழப்பும் ஆகாது.

அன்பரசி:
இருவரும் ஜாக் வியோனை மறந்துவிட்டீர்கள். அச்சுக்கலையையே தொழிலாகக் கொண்டிருந்தவர் அவர். 1913இல் அவர் செதுக்கிய, உணவு பரிமாறப்பட்ட மேசையைப் பாருங்கள்: இணைகோடுகளின் நெருக்கத்தை மாற்றி மாற்றியே ஒளியையும் தளங்களையும் எழுப்பியிருக்கிறார். தனிக் கலை என்று வாதிட வேண்டுமானால், தகட்டை அறிந்தவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

செம்புத்தகடு:
வியோனின் கைத்திறனில் எனக்கு ஐயமில்லை, அன்பரசி. ஆயினும் அவருடைய மேசை கோடுகளுக்கு அடியில் முழுமையாகவே இருக்கிறது. பிராக்கின் மேசையோ கோடுகளுக்கு இடையில் கசிந்து வெளியேறுகிறது. எனக்கு இரண்டாவதே பெரிது.

இளவேனில்:
அவ்வளவு பெரிதென்றால், 1912இல் தாள் துண்டுகளைப் படத்தில் ஒட்டும் ஒட்டுத்தாள் முறை வந்ததும் பிராக்கின் ஆர்வம் முழுவதும் அந்தப் பக்கம் போனது ஏன்? ஊடகம் அவருக்கு இன்றியமையாததாக இருந்திருந்தால் அவ்வளவு எளிதில் விட்டிருப்பாரா?

செம்புத்தகடு:
நீங்கள் சொல்வது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. கித்தானில் எழுத்தை, எழுத்துவடிவம் வெட்டிய தகடு (ஸ்டென்சில்) வைத்து நேராகப் பதித்துவிடலாம். செம்பிலோ, அச்சில் நேராக விழ வேண்டுமானால் வலமிருந்து இடமாக, கண்ணாடிப் பிம்பமாகக் கீற வேண்டும். பாரிஸின் மதுக்கூடம் ஒன்றின் பெயரான ‘ஃபாக்ஸ்’ அந்த அச்சுத் தாளில் நேராகவே படிக்கக் கிடைக்கிறது. ஆகவே அச்செழுத்து என்பது படத்துக்குள் நுழையும் ஒரு பொருள் என்பதை அவர் ஊசிமுனையில் ஒவ்வொரு எழுத்தாக உணர்ந்திருக்க வேண்டும். 1912இலேயே அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டிப் படத்தில் ஒட்டினார். அவர் தகட்டை விட்டு விலகியதாக நீங்கள் காணும் இடத்தில், தகடு கற்றுக்கொடுத்ததை அவர் வேறு கையால் தொடர்ந்ததையே நான் காண்கிறேன்.